கேளுங்கள் ஃபாதர்: "இந்தப் பந்தியில் எனக்கு இடம் உண்டா?"

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நற்கருணையைப் பற்றியவை, அதாவது திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக வாங்குகிற, நாம் "நன்மை" என்று சொல்கிற அப்பத்தைப் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். எல்லோருடைய பெயரையும் விட்டுவிட்டேன்.

*கேள்வி: புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஞாயிறு தவறாமல் வாங்குகிறேன். ஆனால் உள்ளே எந்த அசைவும் இல்லை. வரிசையில் போகிறேன், வாங்குகிறேன், திரும்பி வந்து உட்காருகிறேன். இப்படிப் பழக்கத்தில் வாங்குவதைவிட வாங்காமல் இருப்பதுதானே மரியாதை?*

மரியாதைக்காக வாங்காமல் இருப்பது என்பது பழைய எண்ணம். நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் அப்படித்தான் இருந்தார்கள். குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது நிமிர்ந்து பார்த்துக் கும்பிடுவார்கள், கிட்டே வர அஞ்சுவார்கள். 1215-இல் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) காலத்தில் ஆண்டுக்கு ஒரு முறையாவது நன்மை வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் போட வேண்டியதாயிற்று. விருந்துக்கு அழைத்தவரே "தயவுசெய்து சாப்பிடுங்கள்" என்று கட்டளை போடும் நிலை. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில், நன்மை வாங்கக் கடுமையான தகுதி கேட்ட ஜான்சனியக் கொள்கை பரவியபோது அந்த அச்சம் இன்னும் இறுகியது. 1905-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்து ஆணைதான் அதை உடைத்தது. சாவான பாவம் (கனமான பாவம்) இல்லாமல், நேரிய எண்ணத்தோடு வருகிற யாரையும் தினமும் நன்மை வாங்குவதிலிருந்து தடுக்கக் கூடாது என்று அது சொன்னது.

"நேரிய எண்ணம்" என்றால் என்ன என்றும் அதே ஆணை விளக்குகிறது: பழக்கத்துக்காகவோ, பெருமைக்காகவோ, ஊர் என்ன சொல்லுமோ என்பதற்காகவோ வரக் கூடாது. இதைப் படித்தால் உங்களுக்கு இன்னும் பயம் வரலாம், தெரியும். ஆனால் பழக்கத்துக்காக வருவது வேறு, பழகிப்போன பிறகும் ஏதோ ஒன்றைத் தேடி வருவது வேறு. வெறும் பழக்கத்தில் வருகிறவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டார்.

உணர்ச்சி வரவில்லை என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது பலர் அதிர்ந்தார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் உள்ளத்தில் கடவுள் இருப்பதே தெரியாத இருள். அந்த ஆண்டுகளில் நாள்தோறும் அவர் திருப்பலிக்குப் போனார், நன்மை வாங்கினார், பிறகு சாகக் கிடந்தவர்களைத் தூக்கப் போனார். இனிப்பாக இருந்தது என்பதற்காக அவர் வாங்கவில்லை. அது இல்லாமல் நடக்க முடியாது என்பதற்காக வாங்கினார்.

நான் முகங்களைவிடக் கைகளை அதிகம் பார்ப்பவன். நன்மை கொடுக்கும்போது என் கண்முன் வருவது கைகள்தான். காய்த்துப்போன கை, அடுப்பில் சுட்ட வடு ஆறாத கை, மை படிந்த கை, நடுங்கும் கை, மருதாணி சிவந்த கை. ஒவ்வொன்றிடமும் "கிறிஸ்துவின் உடல்" என்கிறேன். "ஆமென்" என்கிறார்கள். நீங்கள் கிறிஸ்துவின் உடல் என்றால், நீங்கள் எதுவாக இருக்கிறீர்களோ அதற்குத்தான் ஆமென் சொல்கிறீர்கள் என்று புனித அகுஸ்தினார் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களிடம் சொன்னார். அந்த வரி மனதில் இறங்கிய நாளிலிருந்து எனக்கு அந்தக் கைகளும் திருவுடலாகவே தெரிகின்றன. நீங்களும் அடுத்த ஞாயிறு ஒன்று செய்து பாருங்கள். உள்ளத்தில் ஏதாவது அசைகிறதா என்று தேடாதீர்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவரைப் பாருங்கள். அவருக்கும் சேர்த்து ஆமென் சொல்லுங்கள். பிறகு இடத்துக்கு வந்து, பாட்டு முடியும் வரை கண்ணை மூடிச் சும்மா இருங்கள். அதற்கு மேல் எதையும் வற்புறுத்தாதீர்கள்.

*கேள்வி: கல்லூரி நண்பன் ஒருவன், "அது ஓர் அடையாளம்தானே, நுண்ணோக்கியில் வைத்தால் மாவுதானே தெரியும்" என்கிறான். என்ன பதில் சொல்வது?*

"ஆமாம், மாவுதான் தெரியும்" என்று சொல்லுங்கள். திருஅவை அதை மறுத்ததே இல்லை. நிறம், சுவை, மணம், எடை, உயிரணு வரை எல்லாம் அப்பத்தினுடையவை. மாறுவது அந்தப் பொருள் அடிப்படையில் எதுவாக இருக்கிறதோ அது. அப்பமாக இருந்தது கிறிஸ்துவின் உடலாகிறது. இதைத்தான் "உட்பொருள் மாற்றம்" என்கிறோம். 1215-இல் லாத்தரன் சங்கம் அந்தச் சொல்லைக் கையாண்டது, 1551-இல் திரிதெந்தின் சங்கம் அதை உறுதிப்படுத்தியது. நுண்ணோக்கி நன்றாக வேலை செய்கிறது. அது பார்க்கும் இடத்தில் இந்த மாற்றம் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு உவமை சொல்லச் சொல்லி மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். நான் சொல்வதில்லை. எந்த உவமையை எடுத்தாலும் அது கடைசியில் அடையாளம் என்ற பக்கமே சாய்ந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக யோவான் நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைப்பேன். "என் சதையை உண்டு என் இரத்தத்தைக் குடிப்பவர்" என்று இயேசு சொன்னதும், "இதை யாரால் கேட்க முடியும்" என்று சீடர் பலர் விலகிப் போகிறார்கள். "ஐயோ, உருவகமாகச் சொன்னேன், திரும்பி வாருங்கள்" என்று அவர் கூப்பிடவில்லை. பன்னிருவரிடம் திரும்பி, "நீங்களும் போய்விட நினைக்கிறீர்களா" என்று கேட்கிறார். பேதுருவுக்கும் புரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வேறு யாரிடம் போவது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

உங்கள் நண்பரை ஒரு நாள் திருப்பலிக்குக் கூட்டி வாருங்கள். நன்மை கொடுத்து முடிந்த பிறகு பீடத்தில் நடப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். குரு அப்பத்தட்டில் ஒட்டிய துகளை விரலால் கிண்ணத்துக்குள் வழிக்கிறார், தண்ணீர் ஊற்றுகிறார், அதைக் குடிக்கிறார், துடைக்கிறார். மீதியைப் பேழையில் வைத்துப் பூட்டுகிறார், அதன் முன் விளக்கு எரிகிறது. அப்ப வடிவம் இருக்கும்வரை கிறிஸ்து அங்கே இருக்கிறார் என்பது நம் நம்பிக்கை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு துகளுக்காக இத்தனை கவனம். அடையாளத்தை இப்படி யாரும் காப்பதில்லை.

*கேள்வி: நன்மை வாங்குவதற்கு முன் எத்தனை மணி நேரம் சாப்பிடக் கூடாது? மாத்திரை போடலாமா? ஒரே நாளில் இரண்டு தடவை வாங்கலாமா?*

ஒரு மணி நேரம். கணக்கு நன்மை வாங்கும் நேரத்திலிருந்து, திருப்பலி தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல. தண்ணீரும் மருந்தும் எப்போதும் அனுமதி. முதியோர், நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டிருந்தாலும் வாங்கலாம். ஒரு காலத்தில் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. 1953-இல் தண்ணீருக்கு விலக்கு வந்தது, 1957-இல் மூன்று மணி நேரம் ஆனது, 1964-இல் ஒரு மணி நேரம். இரண்டாம் முறையும் வாங்கலாம், ஆனால் நீங்கள் பங்கேற்கும் திருப்பலிக்குள்தான். மூன்றாம் முறை கிடையாது, சாகும் தறுவாயில் இருப்பவருக்குத் தவிர.

*கேள்வி: என் மகளுக்குக் கோதுமையே ஆகாது. மருத்துவர் ஒரு துணுக்குகூடக் கூடாது என்கிறார். இந்த ஆண்டு அவளுக்குப் புதுநன்மை. அரிசி அப்பத்தில் கொடுக்க முடியாதா? எல்லாப் பிள்ளைகளும் வாங்கும்போது அவள் மட்டும் நிற்பாளா?*

அம்மா, அவள் நிற்க வேண்டியதில்லை. அதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

அரிசி அப்பம் கூடாது. இயேசு எடுத்தது கோதுமை அப்பம், திராட்சை இரசம். அதை மாற்றும் அதிகாரம் தனக்கு இல்லை என்று திருஅவை கருதுகிறது. குளூட்டன் என்ற கோதுமைப் புரதத்தை முழுவதுமாக நீக்கிய அப்பமும் செல்லாது. ஆனால் அப்பமாகச் சேர்ந்து நிற்கத் தேவையான அளவு மட்டும் குளூட்டன் உள்ள அப்பம் செல்லும். 2003-இல் உரோமையிலிருந்து வந்த கடிதம் இதைத் தெளிவாக்கியது, 2017-இல் மீண்டும் நினைவூட்டினார்கள். உங்கள் மருத்துவரிடம் அந்த அளவாவது ஆகுமா என்று கேளுங்கள்.

ஆகாது என்றால், அவள் கிண்ணத்திலிருந்து மட்டும் பருகட்டும். அது பாதி நன்மை அல்ல. அப்பத்தில் மட்டும் வாங்குகிறவர் முழுக் கிறிஸ்துவை வாங்குவது போலவே, இரசத்தில் மட்டும் வாங்குகிறவரும் முழுக் கிறிஸ்துவை வாங்குகிறார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. குரு பெரிய அப்பத்தைப் பிட்டதும் ஒரு சிறு துண்டைத் தம் கிண்ணத்தில் போடுவார். அந்தக் கிண்ணம் உங்கள் மகளுக்கு ஆகாது. அவளுக்கென்று ஒரு சிறு கிண்ணம் தனியாகப் பீடத்தில் இருக்க வேண்டும், அப்பத்தைத் தொட்ட விரல் அதன் உள்ளே படக் கூடாது, அவளே முதலில் பருக வேண்டும். இதைப் புதுநன்மை நாள் காலையில் சொல்லாதீர்கள். ஒரு மாதம் முன்பே குருவிடமும் பீடத்தை ஆயத்தம் செய்கிறவரிடமும் சொல்லி, கிண்ணத்தை அவளிடமே காட்டிவிடுங்கள். என்னிடம் ஒரு சிறுமி இப்படி வந்தாள். தன் கிண்ணத்தைப் பார்த்த பிறகுதான் அவள் முகத்தில் பயம் போனது.

*கேள்வி: வீட்டிலேயே விவிலியம் வாசித்து ஜெபிக்கிறேன். ஞாயிறு கோயிலுக்கு வந்துதான் ஆக வேண்டுமா?*

304-இல் வட ஆப்பிரிக்காவின் அபித்தினா ஊரைச் சேர்ந்த 49 கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கார்த்தேஜுக்குக் கொண்டுபோனார்கள். கூடி வழிபடக் கூடாது என்ற பேரரசர் தியோக்கிளேசியனின் ஆணையை மீறி, எமெரித்து என்பவர் வீட்டில் ஞாயிறு கூடியது குற்றம். ஏன் அவர்களை உள்ளே விட்டாய் என்று அவரைக் கேட்டார்கள். ஞாயிறு வழிபாடு இல்லாமல் எங்களால் இருக்க முடியாது என்றார். அவர்களிடமும் மறைநூல் இருந்தது, வீட்டில் ஜெபிக்கவும் தெரியும். தனியாக ஜெபித்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

நம் காலத்துக்கு வருவோம். வியட்நாமின் பேராயர் நுயென் வான் துவான் 1975-இல் கைதாகி 13 ஆண்டுகள் சிறையில் இருந்தார், அதில் 9 ஆண்டுகள் தனிச்சிறை. வயிற்றுக்கு மருந்து வேண்டும் என்று எழுதி அனுப்பினார். மக்களுக்குப் புரிந்தது. வயிற்று மருந்து என்று சீட்டு ஒட்டி ஒரு சிறு புட்டியில் திராட்சை இரசம் வந்தது. உள்ளங்கையில் மூன்று துளி இரசம், ஒரு துளி தண்ணீர். அந்தக் கையே பீடம், அதுவே கிண்ணம். இவ்வளவு தவித்து ஏங்கியவர்கள் இருக்கும்போது, திறந்த கதவு உள்ள கோயில் நமக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய கொடை. வீட்டு ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். அதில் பசி எடுக்கட்டும், கோயிலில் உண்ணுங்கள்.

*கேள்வி: முதல் திருமணம் முறிந்து, சட்டப்படி மறுமணம் செய்துகொண்டேன். இரண்டு பிள்ளைகள். ஞாயிறுதோறும் அவர்களைக் கூட்டி வருகிறேன். நன்மை வாங்கும் நேரம் வந்தால் நான் மட்டும் பெஞ்சில். போன மாதம் பக்கத்தில் இருந்த ஒருவர், "வாங்க முடியாத நீங்கள் எதற்கு வருகிறீர்கள்" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து வரவில்லை.*

சகோதரி, இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ஒரு குருவாக அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் திருஅவைக்கு வெளியே இல்லை. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும், 2016-இல் திருத்தந்தை பிரான்சிசும் உங்கள் நிலையில் இருப்பவர்களைப் பற்றி எழுதியபோது இருவரும் வலியுறுத்தியது அதைத்தான்.

உங்களுக்கு இப்போது நன்மை இல்லை என்பதற்குக் காரணம் உங்கள் மதிப்புக் குறைந்தது என்பதல்ல. முதல் திருமணம் செல்லுபடியானது என்றால் அந்தப் பிணைப்பு இன்னும் நிற்கிறது என்று திருஅவை நம்புகிறது. அதனால்தான் முதல் வேலையாக உங்கள் பங்குக் குருவிடம் முழுக் கதையையும் சொல்லுங்கள் என்கிறேன். அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லுபடியானதுதானா என்று மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயம் ஆராயும். 2015-இல் அந்த நடைமுறையை எளிமையாக்கினார்கள், முன்போல் இரண்டு தீர்ப்பாயங்கள் ஒரே தீர்ப்பைத் தர வேண்டியதில்லை. அந்த வழி உங்களுக்குப் பொருந்தாமல் போனாலும் பேச்சை அங்கே முடித்துவிடாதீர்கள். ஒவ்வொருவரையும் உடன் நடந்து, அவரவர் நிலையைத் தேர்ந்து தெளிய உதவ வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மடல் குருக்களைக் கேட்கிறது. நற்கருணை நிறைவானவர்களுக்குத் தரும் பரிசு அல்ல, வலுவிழந்தவர்களுக்கு மருந்தும் உணவும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னது எனக்குப் பெரிய வெளிச்சம். உங்களுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதை உங்கள் குருதான் உங்களோடு அமர்ந்து பார்க்க வேண்டும். ஒரு பத்திரிகைப் பக்கத்திலிருந்து அதைத் தீர்ப்பது உங்களுக்குச் செய்யும் அநியாயம்.

அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்வது? ஆசையால் வாங்குங்கள். அன்பில் செயல்படும் உயிருள்ள நம்பிக்கையோடு, ஆசையினால் அந்த வானக உணவை உண்பவர்கள் உண்டு, அதன் பயனும் அவர்களுக்கு உண்டு என்று 1551-இல் திரிதெந்தின் சங்கமே சொல்லியிருக்கிறது. "ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன்" என்று எல்லோரும் சொல்லும்போது நீங்களும் சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டு எழுந்து வருகிற எங்களில் ஒருவருக்கும் தகுதி இல்லை. உங்கள் பிள்ளைகள் வாங்கிவிட்டுத் திரும்பி உங்கள் பக்கத்தில் வந்து உட்காரும்போது, அவர்களை அந்தப் பந்திக்குக் கூட்டி வந்தது யார் கை என்று பாருங்கள்.

வரும் ஞாயிறு வாருங்கள். அதே பெஞ்சில் உட்காருங்கள்.

*கேள்வி: அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். விழுங்க முடியவில்லை. நினைவு வந்து வந்து போகிறது. நன்மை வேண்டும் என்று சைகையில் கேட்கிறார். விழுங்க முடியாதவருக்குக் கொடுக்கலாமா? ஞாயிறு திருப்பலி முடிந்து குருவைக் கூப்பிடலாம் என்றிருக்கிறோம்.*

ஞாயிறு வரை வேண்டாம். இதைப் படித்ததும் கூப்பிடுங்கள்.

குருவாகி இரண்டாம் ஆண்டு. இரவு பதினொரு மணிக்கு ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பாட்டி மோசமாக இருக்கிறார், நன்மை கேட்கிறார் என்றார்கள். அன்று முழுவதும் அலைந்த களைப்பு. காலைத் திருப்பலி முடிந்ததும் வருகிறேன் என்றேன். காலை ஆறேமுக்காலுக்குச் சிமிழில் நற்கருணையை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மேசையில் இரவே விரித்து வைத்திருந்த வெள்ளைத் துணியும் பாதி எரிந்த மெழுகுதிரியும் இருந்தன. நான் வருவேன் என்று இரவெல்லாம் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு எந்த நேரத்து அழைப்பையும் நான் மறுநாளுக்குத் தள்ளியதில்லை.

ஏறத்தாழ 155-இல் உரோமையில் எழுதிய புனித யுஸ்தின், ஞாயிறு வழிபாடு எப்படி நடந்தது என்று பேரரசருக்கு விளக்குகிறார். வந்தவர்கள் உண்ட பிறகு, வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் வழியாக அனுப்பினார்கள் என்கிறார். தொடக்கத்திலிருந்தே இந்தப் பந்தி கோயில் கதவோடு முடியவில்லை. உங்கள் அப்பா படுத்திருக்கும் கட்டில் வரை அது நீள்கிறது. சாகும் தறுவாயில் வாங்கும் நன்மைக்கு வழியுணவு என்று பெயர். பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் சோறு.

விழுங்குவதைப் பற்றி: குருவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்பத்தில் மிகச் சிறு துணுக்கு போதும், நாக்கில் வைத்து ஒரு கரண்டி தண்ணீர். அதுவும் முடியாது என்றால், இரசத்தின் வடிவில் மட்டும் ஒரு துளி கொடுக்கத் திருஅவைச் சட்டமே இடம் தருகிறது. குரு வீட்டிலேயே திருப்பலி நிறைவேற்றலாம், அல்லது மூடிய சிறு புட்டியில் கொண்டு வரலாம். மூச்சுக்குழாய்க்குள் போகுமோ என்று மருத்துவர் அஞ்சினால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஒப்புரவும் (பாவ மன்னிப்பு) நோயில்பூசுதலும் (நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் அருளடையாளம்) அப்போதும் உண்டு. காலையில் வாங்கியிருந்தாலும் நிலைமை மோசமானால் மறுபடியும் வாங்கலாம். நாள்கள் நீண்டால் திரும்பத் திரும்பக் கொடுக்கலாம்.

கட்டிலருகே ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, மெழுகுதிரி, சிலுவை, ஒரு டம்ளர் தண்ணீர், கரண்டி. தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த அறைக்கு வரட்டும், தகுந்த ஆயத்தத்தில் இருப்பவர்கள் அவரோடு நன்மை வாங்கட்டும். நினைவு தெளிவாக இருக்கும் நேரம் எது என்று கவனித்து அந்த நேரத்துக்குக் குருவை வரச் சொல்லுங்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவரால் "ஆமென்" சொல்ல முடியவில்லை என்றால், நீங்கள் அவர் காதருகே குனிந்து அவருக்காகச் சொல்லுங்கள்.